தடம் மாறியதும் வரும் திடீர் நெரிசல்: எளிய வள மேலாண்மையால் சமாளிக்க ஒரு வழிகாட்டி

நான் பராமரித்துவந்த ஒரு மருத்துவமனை நெட்வொர்க்கில், மழைக்கால முற்பகல் ஒன்றில், சாலையோரம் பள்ளம் தோண்டிய ஜேசிபி எங்கள் ஃபைபரை அறுத்துவிட்டது. முதன்மை வளாகத்துக்கும் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளைக்கும் இடையே அந்த ஃபைபரில் நொடிக்கு 200 மெகாபிட் வேகம் கிடைத்துவந்தது. அதற்குத் துணையாக, மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வைத்த ரேடியோ இணைப்பு ஒன்று 40 மெகாபிட் அளவில் இருந்தது. ஃபைபர் போனதை ரவுட்டர்கள் கண்டுகொண்டு, போக்குவரத்து முழுவதையும் ரேடியோவுக்குத் திருப்பிவிட்டன. கண்காணிப்புத் திரையில் எல்லா விளக்கும் பச்சையாக இருந்தது. ஆனால் கிளையிலிருந்து பேசிய செவிலியரின் குரலில் மூன்று சொல்லுக்கு ஒரு சொல் காணாமல் போனது. நோயாளிப் பதிவேட்டின் பக்கம் திறக்கவே இல்லை. 16 கண்காணிப்புக் கேமராக்களின் படமும் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது.

தடம் தேடும் நெறிமுறைகள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கின்றன: அங்கே போக வழி இருக்கிறதா? அந்த வழியில் இடம் இருக்கிறதா என்று அவை கேட்பதில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, மேற்கே போக வேண்டிய இந்தியப் போக்குவரத்தின் பெரும்பகுதி கிழக்கு வழியாகத் திரும்பியது. மாற்று வழி கிடைத்துவிட்டது என்றாலும், ஏற்கெனவே நிறைந்திருந்த கேபிள்களில் அது போய்ச் சேர்ந்ததால் இணையம் பல நாள்கள் தவழ்ந்தது. பெரிய அளவில் அங்கே நடந்ததுதான் எங்கள் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலும் நடந்தது. இரண்டு இணைப்புகள் கொண்ட ஒரு சிறிய நெட்வொர்க்கை முதன்முறையாகப் பொறுப்பேற்கிறவர், அப்படி ஒரு நாளுக்கு முன்கூட்டியே எப்படித் தயாராவது என்பதைப் படிப்படியாக இங்கே சொல்கிறேன். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. லினக்ஸ் ஓடும் இரண்டு ரவுட்டர்களும், யாருக்கு முதலிடம் என்று முன்பே எடுத்த ஒரு தெளிவான முடிவும் போதும்.

அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது

அன்றாட நெரிசல் மெல்ல ஏறும். தரவைப் பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக்கி, பதில் வருவதைப் பார்த்து அனுப்பும் டிசிபி இணைப்புகள் அதை உணர்ந்து தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தடம் மாறும்போது வரும் நெரிசல் அப்படியல்ல. தடம் தேடும் நெறிமுறைகளில் ஒன்றான ஓஎஸ்பிஎஃப்-இன் இயல்பான அமைப்பில் ரவுட்டர்கள் 10 நொடிக்கு ஒருமுறை ஹலோ செய்தி அனுப்பிக்கொள்கின்றன. 40 நொடி வரை எதுவும் வராவிட்டால்தான் அண்டை ரவுட்டர் போய்விட்டது என்று முடிவுசெய்கின்றன. ஃபைபர் நேராக ரவுட்டரில் செருகப்பட்டிருந்தால் போர்ட் அணைந்தவுடனே தெரிந்துவிடும். நடுவில், ஃபைபரின் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரோ சேவை நிறுவனத்தின் பெட்டியோ இருந்தால், ஃபைபர் அறுந்த பிறகும் போர்ட் உயிரோடு இருப்பதுபோலவே காட்டும். அந்த 40 நொடியில் இணைப்புகள் எல்லாம் மறுமுயற்சி செய்துகொண்டிருக்கும். மனிதர்களும் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள். புதிய தடம் திறந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே பாயும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6928 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, ஒரு புதிய டிசிபி இணைப்பு தொடக்கத்திலேயே 10 பாக்கெட் வரை பதிலுக்குக் காத்திராமல் அனுப்பலாம். அப்படி 1,000 இணைப்புகள் ஒன்றாகத் தொடங்கினால், 1,500 பைட் பாக்கெட்டுகள் 10,000 வரும். அதாவது 120 மெகாபிட். 40 மெகாபிட் இணைப்பில் அது கரைய 3 நொடி ஆகும். அதற்குள் அடுத்த சுற்று வந்து சேர்ந்துவிடும். இதற்கு மேல் வரிசையின் நீளம் என்ற சிக்கலும் இருக்கிறது. லினக்ஸில் ஒரு போர்ட்டின் வரிசை வழக்கமாக 1,000 பாக்கெட் வரை நீளும். அது நிரம்பினால் 12 மெகாபிட் தேங்கும், 40 மெகாபிட் வேகத்தில் அதுவே 300 மில்லிநொடித் தாமதம். குரல் பாக்கெட் ஒன்று அந்த வரிசையின் கடைசியில் நின்றால், அது போய்ச் சேரும்போது அதற்குரிய நேரம் கடந்திருக்கும். பஃபரை, அதாவது வரிசை நிற்கும் இடத்தை, கூட்டினால் பாக்கெட் இழப்பு குறையும் என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் அது கெடுதலே செய்யும். இழப்பைத் தாமதமாக மாற்றித் தருமே தவிர, இல்லாத இடத்தை உண்டாக்காது.

முதல் படி: இது நெரிசல்தானா என்று உறுதிசெய்யுங்கள்

தடம் மாறியதும் வேலை செய்யவில்லை என்றால் உடனே நெரிசல் என்று முடிவுகட்ட வேண்டாம். நெரிசலைப் போலவே தோற்றமளிக்கும் வேறு இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. துணை இணைப்பு, பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் ஒரு டனலின் வழியாகப் போகிறதென்றால், பாக்கெட்டின் உச்ச அளவு குறைந்திருக்கும். வயர்கார்டு டனலில், எடுத்துக்காட்டாக, எம்டியு எனும் இந்த உச்ச அளவு இயல்பாக 1,420 பைட். நடுவில் உள்ள ஃபயர்வால் அளவு குறித்த எச்சரிக்கைச் செய்திகளைத் தடுத்துவிட்டால், மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்டான பிங், சிறியதாக இருந்தால் அழகாகப் போகும். பெரிய பக்கங்கள் மட்டும் திறக்காது. பிங்கின் அளவை 1,392 பைட்டுக்கும் 1,472 பைட்டுக்கும் மாற்றி, பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் அனுப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இரண்டாவது, தடம் மாறும்போது வெளியே தெரியும் ஐபி முகவரியும் மாறினால், பழைய இணைப்புகள் அனைத்தும் செத்துவிடும். அவற்றைப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

நெரிசலின் அடையாளம் வேறு. சும்மா இருக்கும்போது 5 மில்லிநொடி காட்டும் பிங், நெரிசலில் 300-க்குப் போகும். பாக்கெட் இழப்பு அதற்குப் பிறகுதான் தொடங்கும். எனவே இணைப்பு காலியாக இருக்கும் ஓர் இரவில் துணை இணைப்பின் பிங் அளவை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இல்லாவிட்டால், கோளாறு நாளில் வரும் எண்ணுக்குப் பொருளே இருக்காது.

இரண்டாம் படி: உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது, யார் எவ்வளவு கேட்கிறார்கள்

எங்கள் ரேடியோவின் பெட்டியில் 40 மெகாபிட் என்று எழுதியிருந்தது. ஆனால் உயர் அலைவரிசையில் இயங்கும் ரேடியோ இணைப்புகள் பலத்த மழையில் சிக்னல் குறைவதைக் கண்டு, தாமாகவே வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளும். சாலையில் தண்ணீர் நின்று, பள்ளம் தோண்டி, ஃபைபர் அறுபடுவதும் அதே மழையில்தான். ஆகவே துணை இணைப்பின் உச்ச வேகத்தை நம்பிக் கணக்குப் போடாமல், கெட்ட நாளில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அளந்து அதை மட்டும் நம்ப வேண்டும். நாங்கள் 32 மெகாபிட் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து, கேட்பவர்களின் கணக்கு. ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐந்து நிமிடத்தில் 20 மெகாபிட் என்று காட்டும் ஒரு போர்ட், அதற்குள் பல நொடிகள் 150 மெகாபிட்டில் ஓடியிருக்கலாம். ஒரு வேலை நாள் முழுக்க நொடிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். வகைவாரியாகவும் அளந்து பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த படம் இது. ஜி.711 எனும் குரல் குறியாக்க முறையில் ஒரு தொலைபேசி அழைப்பு, ஈதர்நெட் தலைப்புகளையும் சேர்த்து, ஒரு திசைக்கு 87.2 கிலோபிட். வழக்கமான நாளில் உச்சமாக 25 அழைப்புகள் இருந்தன. 16 கேமராக்கள், ஒவ்வொன்றும் 2 மெகாபிட். மொத்தம் 32 மெகாபிட். ஒரு சிடி ஸ்கேனில் 500 படங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் அரை மெகாபைட் அளவில், ஏறக்குறைய 262 மெகாபைட். ஃபைபரில் அது 11 நொடிக்குள் போய்விடும், 32 மெகாபிட் இணைப்பில் வேறு எதுவுமே ஓடாவிட்டாலும் 65 நொடி ஆகும்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எங்களுக்கு உண்மை உறைத்தது. கேமராக்கள் மட்டுமே துணை இணைப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இருந்தன. ஸ்கேன் படங்கள் டிசிபியில் போவதால், இடம் குறைந்தால் அவை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் கேமராக்கள் பதிலுக்குக் காத்திராத யுடிபி முறையில் அனுப்பியதால், எதிர்முனையில் பாதி தொலைந்தாலும் அதே வேகத்தில் கொட்டிக்கொண்டே இருந்தன. வளைந்து கொடுப்பவை எவை, வளையாதவை எவை என்று பிரித்துப் பார்ப்பதே இந்தப் படியின் பயன்.

மூன்றாம் படி: வரிசையை உங்கள் ரவுட்டருக்குக் கொண்டுவாருங்கள்

ரவுட்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கேபிள் ஜிகாபிட் வேகத்தில் ஓடும். ரேடியோ 40 மெகாபிட்டில் ஓடும். ஆகவே வரிசை ரேடியோ பெட்டிக்குள்தான் நிற்கும். அந்தப் பெட்டிக்குள் எந்தப் பாக்கெட் முதலில் போக வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. ரவுட்டரில் வேகத்தை ரேடியோவின் உறுதியான வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டிப்போட்டால், வரிசை ரவுட்டருக்கு வந்துவிடும். பிறகு அது உங்கள் சொல்லைக் கேட்கும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு முன்னுரிமை விதிகளை எழுதுகிறவர்கள் ஏராளம். அந்த விதிகள் வேலை செய்வதே இல்லை. ஏனென்றால், அவை எழுதப்பட்ட இடத்தில் வரிசையே நிற்பதில்லை.

இரண்டு முனைகளும் உங்கள் கையில் இருந்தால், ஒவ்வொரு முனையிலும் வெளியே போகும் பக்கத்தில் இதைச் செய்யுங்கள். மறுமுனை சேவை நிறுவனத்திடம் இருந்தால், உள்ளே வரும் போக்குவரத்தை உங்கள் பக்கத்தில் இணைப்பு வேகத்தின் 85 அல்லது 90 சதவீதத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். அது முழுமையான தீர்வல்ல. டிசிபி போலத் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இணைப்புகள் மட்டுமே அதற்குப் பணியும்.

லினக்ஸில் இதற்கு, போக்குவரத்தை வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேகம் ஒதுக்கும் ஹெச்டிபி என்ற முறை போதுமானது. அதன் ஒவ்வொரு வகுப்புக்கு அடியிலும் எஃப்க்யூ-கோடெல் வரிசையை வையுங்கள். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. 100 மில்லிநொடி முழுவதும் காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காவிட்டால் பாக்கெட்டுகளை உதறத் தொடங்குகிறது. இந்த இரண்டு எண்களையும் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் மாற்றவே தேவையில்லை என்பது புதியவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, பழைய வரிசை முறைகளை நாள்கணக்கில் திருகிப் பார்த்தவர்கள் அறிவார்கள். வகுப்புகளைப் பிரிக்கும் தேவையே இல்லாத வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ என்றால், 2018-இல் லினக்ஸ் 4.19-உடன் வந்த கேக் முறை ஒன்றே இத்தனை வேலையையும் செய்துவிடும்.

நான்காம் படி: விளிம்பில் குறியிடுங்கள், உள்ளே குறியை மட்டும் பாருங்கள்

ஒவ்வோர் அழைப்புக்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் இடம் ஒதுக்கி வைப்பது ஒரு வழி. 1997-இல் வந்த ஆர்எஸ்விபி அப்படித்தான் செய்தது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வோர் ஓட்டத்தையும், அதாவது ஓர் அழைப்பு போன்ற ஒவ்வொரு தொடர் பரிமாற்றத்தையும், நினைவில் வைத்து, இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் ஒரே நொடியில் தடம் மாறினால், புதிய தடத்தின் ரவுட்டர்கள் அத்தனைக்கும் அந்த நொடியிலேயே இடம் தேட வேண்டியிருக்கும். 1998-இல் வந்த வகைபிரித்த சேவை முறை இந்தச் சுமையை விளிம்புக்குத் தள்ளியது: நெட்வொர்க்கின் ஓரத்திலுள்ள ரவுட்டர் பாக்கெட் எந்த வகை என்று ஆராய்ந்து, டிஎஸ்சிபி எனும் ஆறு பிட்டில் ஓர் எண்ணை எழுதிவிடும், உள்ளே இருப்பவை அந்த எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

நாங்கள் எழுதிய எண்கள் இவை: குரலுக்கு 46, நோயாளிப் பதிவேட்டுக்கு 18, கேமராவுக்கு 24, ஸ்கேன் படத்துக்கு 10, பொதுப் பயன்பாட்டுக்கு 0, காப்புப்பிரதிக்கு 1. தடம் தேடும் செய்திகளுக்கு ரவுட்டரே 48 என்று எழுதிக்கொள்ளும். இதற்கு மேல் வகுப்புகளைப் பெருக்க வேண்டாம். பன்னிரண்டு வகுப்பு வைத்தவர் ஆறு மாதத்துக்குப் பிறகு எது எதற்கு என்று தாமே மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கணினிகள் தாமாக எழுதி அனுப்பும் குறியை நம்பாமல், ஓரத்திலேயே அழித்து நீங்களே மறுபடி எழுதுங்கள். இல்லையென்றால் 46 என்று எழுதத் தெரிந்த எந்த மென்பொருளும் குரலின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு 32 மெகாபிட்டைப் பங்கிட்டோம். தடச் செய்திகளுக்கு 1, குரலுக்கு 3, பதிவேட்டுக்கு 8, கேமராவுக்கு 8, ஸ்கேனுக்கு 8, பொதுவுக்கு 4. காப்புப்பிரதிக்கு எதுவும் கிடையாது. அன்று அது நடக்கவே வேண்டாம். பங்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் உத்தரவாதம் என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. பதிவேடு, ஸ்கேன், பொது ஆகியவை மற்றவர் பயன்படுத்தாத இடத்தைக் கடன் வாங்கலாம். குரலுக்கும் கேமராவுக்கும் அப்படிக் கடன் வாங்க அனுமதி இல்லை. வளையாதவற்றுக்கு உச்சவரம்பு கட்டாயம். இந்தப் பங்கீட்டைக் கணினி அறைக்குள் உட்கார்ந்து நாங்களே முடிவு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவர்களையும் செவிலியர் பொறுப்பாளரையும் உட்காரவைத்துக் கேட்டோம். ஸ்கேன்தான் முதலில் வரும் என்று நான் நினைத்திருந்தேன். மருந்து ஒவ்வாமைக் குறிப்பு தெரியாமல் ஊசி போட முடியாது, பதிவேடுதான் முதலில் என்று அவர்கள் சொன்னார்கள்.

இந்த விதிகள் அனைத்தும் துணை இணைப்பின் போர்ட்டில் நிரந்தரமாகவே இருக்கட்டும். ஃபைபர் அறுந்த பிறகு ஒரு நிரல் ஓடிவந்து இவற்றை ஏற்ற வேண்டும் என்று வைத்தால், அந்த நிரலே அன்று தவறலாம்.

ஐந்தாம் படி: எல்லோரையும் அரைகுறையாக வைக்காமல், சிலரை முழுமையாக நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இந்தப் படியை வையுங்கள். கேமராக்கள் 32 மெகாபிட் அனுப்புகின்றன, அவற்றுக்கான இடம் 8 மெகாபிட். வரிசை தன் போக்கில் பாக்கெட்டுகளை உதறினால், ஒவ்வொரு கேமராவும் நான்கில் மூன்று பங்கை இழக்கும். காணொளியில் ஒரு படம் முந்தைய படத்தைச் சார்ந்து வருவதால், சிறு இழப்பே திரையைச் சிதைத்துவிடும். முக்கால் பங்கு இழந்தால் 16 திரையிலும் பார்க்கத் தகுந்தது எதுவும் இருக்காது. 8 மெகாபிட் முழுவதும் செலவாகியும் ஒரு முகம்கூடத் தெரியாது. அதற்குப் பதிலாக 12 கேமராக்களை நிறுத்திவிட்டு, அவசரப் பிரிவு வாசல், தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாழ்வாரம், மருந்தகம், பணம் கட்டும் இடம் ஆகிய நான்கை மட்டும் ஓடவிட்டால், அதே 8 மெகாபிட்டில் நான்கு படமும் துல்லியமாக இருக்கும்.

ஆனால் நிறுத்துவதற்கு முன், மூலத்திலேயே குறைக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலான ஐபி கேமராக்களில் சப் ஸ்ட்ரீம் எனும் சிறிய படத்தையும் தரும் வசதி உண்டு. அதை அரை மெகாபிட்டுக்கு அமைத்தால் 16 கேமராவும் 8 மெகாபிட்டில் அடங்கிவிடும். நாங்கள் இதைப் பிற்பாடுதான் செய்தோம். முதல்முறையே செய்திருக்க வேண்டும். குரலுக்கும் இப்படி ஒரு வழி உண்டு: ஜி.729 முறையில் ஓர் அழைப்பு ஈதர்நெட்டில் 31.2 கிலோபிட் மட்டுமே எடுக்கும். புதிய அழைப்புகளை அதில் தொடங்கும்படி தொலைபேசி எக்ஸ்சேஞ்சை அமைக்கலாம். நடந்துகொண்டிருக்கும் அழைப்பை இடையில் மாற்றுவது எல்லாக் கருவியிலும் நடக்காது.

குரலுக்கு ஒதுக்கிய 3 மெகாபிட்டில் 34 அழைப்புகள் அடங்கும். வழக்கமான உச்சம் 25 என்பதால் இது தாராளம் என்று தோன்றும். ஆனால் சாலையில் தண்ணீர் நிற்கும் நாளில் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் பேசுவார்கள். 45 அழைப்புகள் ஓடினால் தேவை 3.9 மெகாபிட், ஏறக்குறைய நான்கில் ஒரு பாக்கெட் தொலையும், 45 பேருக்கும் பேச்சு புரியாது. எனவே எக்ஸ்சேஞ்சில் இரண்டு விதிகள் தேவை. ஒன்று, தடம் மாறியதும் கிளைக்கான அழைப்பு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, அதற்கு மேல் வருபவர்களுக்கு இணைப்பு நிறைந்திருக்கிறது என்ற அறிவிப்பைத் தருவது. இரண்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை வரம்பைத் தாண்டினால் சிலவற்றைத் துண்டிப்பது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்பவையும், ஆம்புலன்ஸுக்கான 108 எண்ணுக்குச் செல்பவையும் எந்த நிலையிலும் துண்டிக்கப்படக் கூடாது. காத்திருப்பு இசையில் கிடப்பவையும் அலுவலக உள் அழைப்புகளும் முதலில் போகலாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பைத் துண்டிப்பது மனத்துக்கு உவப்பான வேலையல்ல. ஆனால் அவர் மீண்டும் அழைக்கலாம், அல்லது கைபேசியில் பேசலாம். 45 பேரும் பேசவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நிற்பதைவிட அது மேலானது.

எங்களைப் போல இரண்டே முனை என்றால், எத்தனை அழைப்பு ஓடுகிறது என்பதை எக்ஸ்சேஞ்சே எண்ணிவிடும். மூன்று நான்கு கிளைகளின் போக்குவரத்து நடுவில் ஒரே இணைப்பில் சேரும்போது சிக்கல் வருகிறது: தன் பங்கு சரியாக இருப்பதாகவே ஒவ்வொரு விளிம்பும் நினைக்கும், நடுவில் உள்ள இணைப்பு திணறுவது யாருக்கும் தெரியாது. இதற்குத்தான் ஆர்எம்டி என்ற முறை உருவானது. 2010 அக்டோபரில் ஆர்எஃப்சி 5977-ஆக வெளிவந்தது. அதன் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. உள் ரவுட்டர் எந்த ஓட்டத்தையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் எவ்வளவு பைட் போகிறது என்று மட்டும் அளக்கிறது. வரம்பு மீறியதும், மீறிய அளவுக்கு விகிதமாகச் சில பாக்கெட்டுகளின் டிஎஸ்சிபி எண்ணை மாற்றிவிடுகிறது. வெளியேறும் விளிம்பிலுள்ள ரவுட்டர், குறி மாறி வந்த பைட்டுகளை எண்ணி, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, எந்த ஓட்டங்களை நிறுத்துவது என்று முடிவுசெய்து, நுழைவு விளிம்புக்குச் சொல்கிறது. ஓட்டங்களைப் பற்றிய நினைவு முழுவதும் விளிம்பிலேயே இருக்கிறது. 2009-இல் வந்த பிசிஎன் முறையும் இதே வழியில் நடப்பதுதான். அதில் இரண்டு வரம்புகள் உண்டு. கீழ் வரம்பைத் தாண்டினால் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. மேல் வரம்பைத் தாண்டினால் இருப்பவர்களில் சிலரை நிறுத்துவது. இந்த நெறிமுறைகளை உங்கள் சிறிய நெட்வொர்க்கில் அப்படியே நிறுவ வேண்டியதில்லை. நடுவிலுள்ள ரவுட்டர் நொடிக்கு ஒருமுறை வகுப்பின் பைட் எண்ணிக்கையை எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் ஒரு சிறிய நிரலே அதே வேலையைச் செய்துவிடும்.

ஆறாம் படி: அவசரப்பட்டு இருமுறை வெட்டாதீர்கள்

எங்கள் முதல் நிரல் இங்கேதான் தவறியது. குரல் வகுப்பு 3 மெகாபிட்டைத் தாண்டியதைக் கண்டு 11 அழைப்புகளைத் துண்டித்தது. அடுத்த அளவீடு வந்தபோது, துண்டிப்பதற்கு முன் புறப்பட்ட பாக்கெட்டுகளும் அதில் கலந்திருந்தன. இன்னும் மீறல் இருக்கிறது என்று எண்ணி மேலும் 11-ஐத் துண்டித்தது. 34 அழைப்புகள் பிழைத்திருக்க வேண்டிய இடத்தில் 23 மட்டும் மிஞ்சின. கட்டளை போய்ச் சேரவும் அதன் பலன் அளவீட்டில் தெரியவும் நேரம் பிடிக்கும் என்பதை நாங்கள் மறந்திருந்தோம். ஆர்எம்டியில் இதற்காகவே உள் ரவுட்டர், அண்மையில் தான் அறிவித்த மீறலைச் சிறிது நேரம் நினைவில் வைத்து, புதிய மீறலிலிருந்து அதைக் கழித்துக்கொள்கிறது. நாங்கள் அதைவிட எளிதாக, ஒருமுறை துண்டித்தால் மூன்று நொடி வரை அளவீட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதினோம்.

வெட்டத் தொடங்கும் எல்லையும் நிறுத்தும் எல்லையும் ஒன்றாக இருக்கக் கூடாது. 3 மெகாபிட்டில் தொடங்கினால் 2.7 வரை குறையுங்கள். புதிய அழைப்புகளை 2.5-க்குக் கீழே வந்த பிறகுதான் அனுமதியுங்கள். இடைவெளி இல்லாவிட்டால், ஒரு நொடி வெட்டுவதும் மறு நொடி சேர்ப்பதுமாகவே அந்த நிரல் தவிக்கும்.

தடம் மாறியதை விரைவாக அறிவதற்கு, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் பிஎஃப்டி நெறிமுறையைப் பயன்படுத்தலாம். 50 மில்லிநொடிக்கு ஒருமுறை சோதித்து, மூன்று முறை தவறினால் இணைப்பு போனதாகக் கொண்டால், 40 நொடி 150 மில்லிநொடியாகச் சுருங்கும். ஆனால் மழையில் தடுமாறும் ரேடியோவில் இவ்வளவு இறுக்கமாக வைத்தால் இணைப்பு இருந்தும் இல்லாததுபோலத் தோன்றும். ஃபைபருக்கு இறுக்கமாகவும், ரேடியோவுக்கு 300 மில்லிநொடி, மூன்று முறை என்று தளர்வாகவும் வைப்பது என் வழக்கம்.

ஏழாம் படி: ஒத்திகை பாருங்கள்

ஓர் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், எல்லோருக்கும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, ஃபைபரைக் கையால் உருவுங்கள். கட்டளை கொடுத்துப் போர்ட்டை அணைப்பது போதாது. மீடியா கன்வெர்ட்டருக்கு அப்பால், சாலைப் பக்கத்து முனையை உருவினால்தான் உண்மையான அறுப்பில் நடப்பது நடக்கும். ஒரு திரையில் நொடிக்கு ஐந்து பிங், மற்றொன்றில் ஒவ்வொரு வகுப்பின் வரிசை நீளமும் உதறிய பாக்கெட் எண்ணிக்கையும் ஓடட்டும். இன்னொருவர் கிளையிலிருந்து தொலைபேசியில் ஒன்று முதல் நூறு வரை எண்ணிக்கொண்டே இருக்கட்டும். எந்த எண்ணில் குரல் அறுந்தது, எந்த எண்ணில் மீண்டும் தெளிந்தது என்று காதால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் 14-இல் அறுந்து 51-இல் வந்தது. பிஎஃப்டி வைத்து, வரிசைகளைத் திருத்திய பிறகு, எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ஒரு எண் மட்டும் லேசாக விக்கியதுபோல் கேட்டது. ஆளில்லாத அதிகாலையில் நெரிசல் வராது என்பதால், அதே நேரத்தில் ஒரு பழைய சிடி ஸ்கேனையும் அனுப்பி, கேமராக்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும்.

ஃபைபர் திரும்பி வரும்போது

பலரும் கவனம் தளரும் நேரம் இது. ஒட்டுப்போடுகிறவர் ஃபைபரை இணைத்துச் சோதிக்கும்போது இணைப்பு பத்து முறை வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் ரவுட்டர் தடத்தை மாற்றினால், துணை இணைப்பில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் பத்து முறை தடுமாறுவார்கள். ஃபைபர் தொடர்ந்து பத்து நிமிடம் பிழையின்றி நின்ற பிறகே போக்குவரத்தைத் திருப்புங்கள். திருப்பிய பின், நிறுத்தியவற்றை ஒரே அடியாகத் திறக்க வேண்டாம்: முதலில் அழைப்பு வரம்பு, பிறகு கேமராக்கள் நான்கு நான்காக. விடுபட்ட காப்புப்பிரதியை மட்டும் அன்றிரவு பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் பகல் முழுவதும் தேங்கிய ஸ்கேன் படங்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.